டிரம்மர் இல்லாத இருவர் குழு: ஆம்பியன்ட் மெட்டல் டெமோ ஏன் கொழகொழவென்று கேட்கிறது?

கேட்கப்பட்டது இது: "நாங்கள் இரண்டே பேர். நாட்ஜா என்ற கனடிய இருவர் குழு போல, கொஞ்சம் கோதிக் (இருண்ட, சோகமான) சாயலோடு ஆம்பியன்ட் மெட்டல் (மெதுவாக, ஒலிச்சுவர் போல நீண்டு நிற்கும் கனமான இசை) செய்கிறோம். டிரம்மர் இல்லை. முதல் டெமோ கொழகொழவென்று இருக்கிறது. ஆள் போதாததுதான் காரணமா? நாட்ஜாவின் ஆரம்பகால இசை மட்டும் எப்படி அவ்வளவு பெரிதாக ஒலிக்கிறது?"

ஆள் போதாதது காரணமே இல்லை. இருக்கிற இரண்டு பேரும் ஒரே இடத்தில் குவிந்திருப்பதுதான் காரணம். உங்களில் ஒருவர் கிட்டார், இன்னொருவர் பேஸும் குரலும், கையில் ஒரு லேப்டாப், இரண்டு இன்புட் உள்ள ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், எல்லா டிராக்கிலும் ரிவெர்ப் (ஒலிக்குப் பின்னால் நீளும் எதிரொலி வால்) என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். ஸ்டூடியோ வசதி உள்ளவர்கள் "இதெல்லாம் தேவையில்லை" என்று சொல்ல வருவார்கள். அவர்களுக்குத் தேவையில்லாமல் இருக்கலாம், அவர்களுக்கு இந்தப் பதில் இல்லை.

முதலில் டிரம்மர் விஷயம். டிரம் மெஷின் வைத்தால் அது மெட்டலே இல்லை என்று யாராவது சொல்லியிருப்பார்கள், காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கோதிக் ராக்குக்கு அது பிறவிச் சொத்து. 1980-ல் லீட்ஸில் தொடங்கிய சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி தங்கள் டிரம் மெஷினுக்கு டாக்டர் அவலாஞ்ச் என்று பெயரே வைத்து உறுப்பினராக நடத்தினார்கள். 1988-ல் பர்மிங்ஹாமில் ஜஸ்டின் பிராட்ரிக்கும் ஜி. சி. கிரீனும் தொடங்கிய காட்ஃபிளெஷ், கிட்டார், பேஸ், மெஷின் ஆகிய மூன்றை வைத்தே மெட்டலின் எடையை மாற்றிக் காட்டியது. நாட்ஜாவை 2003-ல் டொரண்டோவில் எய்டன் பேக்கர் தனியாளாகத்தான் தொடங்கினார். மேடையில் வாசிக்க வேண்டும் என்பதற்காக 2005-ல் லியா பக்கரெஃப் பேஸோடு வந்து சேர்ந்தார். அங்கேயும் தாளம் மெஷின்தான். நீங்கள் கேட்கும் அந்தப் பிரம்மாண்டம் ஆள் கணக்கில் வரவில்லை. யார் எந்தச் சுரத்தை வாசிப்பது, எது எவ்வளவு நேரம் நீடிப்பது என்ற பங்கீட்டில் வருகிறது.

அந்தப் பங்கீட்டில்தான் பெரும்பாலான டெமோக்கள் விழுகின்றன. கிட்டாரை பி ஸ்டாண்டர்டுக்கு இறக்கினால் தடித்த கம்பி சுமார் 61.7 ஹெர்ட்ஸ். ஃபஸ் பெடல் (ஒலியைக் கரகரவென்று சிதைக்கும் டிஸ்டார்ஷன் கருவி) வழியாக மூல சுரத்தையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து அடித்தால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுமார் 30.9 ஹெர்ட்ஸாக, அதாவது மூல சுரத்துக்குச் சரியாக ஒரு ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே, பெடலுக்குள்ளேயே உருவாகும். பவர் கார்ட் எனப்படும் இந்தச் சுர ஜோடி தடிமனாகக் கேட்பது அதனால்தான். அதே ஃபஸ்ஸில் மைனர் மூன்றாம் சுரத்தைச் சேர்த்தால் வித்தியாச அதிர்வெண் கார்டில் இல்லாத வேறொரு சுரத்தில், இன்னும் கீழே போய் விழுகிறது. காதுக்கு அது வெறும் சேறு. கோதிக் சோகத்துக்கு மைனர் மூன்றாம் சுரம் இல்லாமல் முடியாது, ஆனால் அதை ஃபஸ்ஸுக்குள் அனுப்பாதீர்கள். பேஸ் மூல சுரத்தைப் பிடிக்கட்டும், ஃபஸ் கிட்டார் மூலமும் பஞ்சமமும் மட்டும். மூன்றாம் சுரம், ஆறாம் சுரம், அரைச்சுர உரசல் எல்லாம் தனி டிராக்கில், டிஸ்டார்ஷன் இல்லாத கிட்டாரிலோ சின்தசைசரிலோ குரலிலோ, ஒரு ஆக்டேவ் மேலே வரட்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே டெமோவின் பாதிச் சேறு போய்விடும்.

கம்பி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 25.5 அங்குல ஸ்கேல் கிட்டாரில் சாதாரண 10–46 செட்டை (எண்கள் கம்பிகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டு பி வரை இறக்கினால் கம்பி தொளதொளக்கும். ஓங்கி அடிக்கும் ஒவ்வொரு முறையும் சுருதி மேலேறிப் பிறகு இறங்கும், பேஸோடு சேராமல் அலையும். 13–62 அளவில் ஒரு செட் போடுங்கள். 46-க்கு வெட்டிய நட் (கழுத்து முனையில் கம்பிகள் தங்கும் துண்டு) பள்ளத்தில் 62 உட்காராது. சிக்கிக்கொண்டு, டியூன் செய்யும்போது 'டிங்' என்று தாவும். பள்ளத்தை அராவி, டிரஸ் ராடையும் (கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் கம்பி) இன்டோனேஷனையும் (கழுத்து நெடுகச் சுருதி சரியாக இருப்பது) மறுபடி சரிசெய்ய வேண்டும். நான்கு கம்பி பேஸுக்கு ஐந்து கம்பி செட் வாங்கி மெல்லிய கம்பியை விட்டுவிட்டால் பி–ஈ–ஏ–டி வந்துவிடும். அங்கேயும் நட் வேலை உண்டு.

பெடல் வரிசை: டியூனர், ஃபஸ், ஆம்ப் அல்லது ஆம்ப் சிமுலேட்டர், டிலே, கடைசியில் ரிவெர்ப். ரிவெர்பை ஃபஸ்ஸுக்கு முன்னால் வைத்தால் ரிவெர்பின் வாலும் நசுங்கிப் பெருத்து ஒரே சுவராகும். அது இந்த இசையின் அழகான உத்திதான், ஆனால் ஒரு டிராக்கில் மட்டும், ஒற்றைச் சுரம் நீடிக்கும் இடத்தில் மட்டும். இரைச்சலுக்கு நாய்ஸ் கேட் (ஒலி குறைந்ததும் சிக்னலை அடைக்கும் கருவி) போட்டீர்கள் என்றால் அது ரிவெர்ப் வாலையும் வெட்டியிருக்கும். சென்ட்–ரிட்டர்ன் (சிக்னலை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் துளைகள்) உள்ள கேட் வாங்கி ஃபஸ்ஸை அதற்குள் போடுங்கள். அப்போது கேட் சுத்தமான கிட்டார் சிக்னலைக் கேட்டு முடிவெடுக்கும். டிலேயும் ரிவெர்பும் கேட்டுக்கு வெளியே இருக்கட்டும். ஃபஸ்ஸில் கீச்சென்று ஒரு மெல்லிய ஒலி வருகிறதா? ஒரே அடாப்டரிலிருந்து டெய்ஸி செயினாக (எல்லாப் பெடலுக்கும் ஒரே கம்பியில் வரிசையாக) மின்சாரம் எடுத்திருப்பீர்கள். 100 முதல் 300 மில்லியாம்ப் இழுக்கும் டிஜிட்டல் ரிவெர்பின் இரைச்சல் அந்தக் கம்பி வழியாக ஃபஸ்ஸுக்குள் போய்ப் பெருக்கப்படுகிறது. ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனி ஐசொலேட்டட் சப்ளை தேவை. பாசிட்டிவ் கிரவுண்ட் உள்ள ஜெர்மேனியம் ஃபஸ்ஸை மற்றவற்றோடு ஒரே செயினில் போடவே கூடாது, ஷார்ட் ஆகும்.

இனி ரிவெர்ப். இதில்தான் எல்லோரும் கெடுகிறார்கள். உங்கள் பாடல் 50 பிபிஎம் (நிமிடத்துக்கு 50 பீட்) என்றால் ஒரு பீட் 1.2 விநாடி, நான்கு பீட் கொண்ட ஒரு பார் 4.8 விநாடி. ரிவெர்பில் டிகே 10 விநாடி என்று போட்டிருந்தால், ஒலி 60 டெசிபல் இறங்க 10 விநாடி ஆகும் என்று பொருள். பாருக்கு ஒரு கார்ட் மாறினால், அடுத்த கார்ட் வரும்போது பழையது 29 டெசிபல்தான் இறங்கியிருக்கும். அதன் பின்னால் கம்ப்ரஸர் (சத்த வித்தியாசத்தைக் குறைக்கும் கருவி) இருந்தால் அதையும் தூக்கிக் கொண்டுவரும். நாலு பார் போனால் நாலு கார்டும் ஒரே பானைக்குள் கொதிக்கும். கார்ட் மாறும் வேகத்தைப் பார்த்து டிகேயை வையுங்கள்: பாருக்கு ஒன்று மாறினால் 4 விநாடிக்குள், எட்டு பார் ஒரே சுரத்தில் நின்றால் 10, 12 கூடத் தாங்கும். ஒரே பாடலுக்குள் இந்த எண்ணை ஆட்டோமேஷனில் மாற்றலாம். பிரீ-டிலே (ரிவெர்ப் தொடங்குமுன் விடும் இடைவெளி) 30 முதல் 60 மில்லிவிநாடி வைத்தால் அடியின் முனை மழுங்காது. ரிவெர்பை ஒவ்வொரு டிராக்கிலும் நேரடியாகப் போடாமல் ஒரு சென்ட் பஸ்ஸில் (பல டிராக்குகள் பகிரும் பொதுத் தடம்) வைத்து, அந்த பஸ்ஸில் 250–300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டிவிடுங்கள். பேஸையும் கிக்கையும் (கால் டிரம்) இந்த பஸ்ஸுக்கு அனுப்பவே வேண்டாம்.

டிரம் மெஷினில் 'மனிதத்தன்மை' சேர்க்கும் பொத்தானை அமுக்காதீர்கள். மெதுவான வேகத்தில் 20 மில்லிவிநாடித் தடுமாற்றம் உணர்ச்சியாகக் கேட்காது, தப்பாகத்தான் கேட்கும். காட்ஃபிளெஷின் கனமே அந்த இரக்கமற்ற நேர்த்தியில்தான் இருக்கிறது. வேறுபாட்டை வெலாசிட்டியிலும் (அடியின் பலம்) ஒலி நிறத்திலும் கொண்டுவாருங்கள். கிக்குக்கு இரண்டு அடுக்கு வேண்டும்: கீழே அடிவயிற்று ஒலி, மேலே 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் ஒரு 'டக்'. அந்த 'டக்' இல்லாவிட்டால் கிட்டார் சுவருக்குள் கிக் காணாமல் போகும். ஹை-ஹாட்டைக் குறையுங்கள், முடிந்தால் எடுத்தே விடுங்கள். மேல் அதிர்வெண்ணில் ஃபஸ்ஸின் சீற்றமே போதும். டிரம் முழுவதையும் இன்னொரு டிராக்குக்கு அனுப்பி, கிட்டார் டிஸ்டார்ஷனில் கடித்து, அசலுக்குக் கீழே மெல்லக் கலந்தால் பிளாஸ்டிக் வாடை போய்விடும்.

பேஸை இரண்டாகப் பிரியுங்கள். 150–200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சுத்தமாக, நன்றாகக் கம்ப்ரஸ் செய்து, மோனோவில். மேலே டிஸ்டார்ஷனோடு. போனிலும் லேப்டாப்பிலும் 30 ஹெர்ட்ஸ் கேட்காது, டிஸ்டார்ஷன் தரும் மேல் ஹார்மோனிக்ஸை வைத்துத்தான் காது அந்தச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. கிக் விழும்போது பேஸ் 3–4 டெசிபல் பணிகிற மாதிரி சைட்செயின் வைத்து, ரிலீஸ் 200 மில்லிவிநாடி கொடுங்கள். கிட்டாரை இடமும் வலமும் வேண்டுமென்றால் இரண்டு முறை வாசியுங்கள். ஒரே டேக்கை நகலெடுத்து மறுபக்கம் வைத்தால் அகலம் வராது, சத்தம் மட்டும் கூடும். நகலைச் சில மில்லிவிநாடி தள்ளிவைத்தால் மோனோவில் கேட்கும்போது பாதி ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். மோனோ பொத்தானைத் தட்டிக் கேட்காமல் மிக்ஸை முடிக்காதீர்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். இருவர் குழு என்றால் கிட்டார் வைத்திருப்பவர்தான் மூளை, மற்றவர் ஒத்தாசை என்று எழுதுகிற வழக்கம் எரிச்சலூட்டுகிறது. நாட்ஜா பற்றிப் பேச்சு வந்தால் பேக்கரின் பெடல் பட்டியலைக் கேட்பவர்கள்தான் அதிகம், பக்கரெஃபின் பேஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. மேலே எழுதியதைப் பாருங்கள்: மூல சுரம், எடை, கிக்கோடு ஒட்டு எல்லாம் பேஸின் வேலை. கிட்டாரைக் கழித்தாலும் பாட்டு நிற்கும், பேஸைக் கழித்தால் மூட்டம்தான் மிஞ்சும். உங்கள் டெமோவில் இரண்டு பெயரையும் சமமாகப் போடுங்கள்.

குரல்: கிசுகிசுப்பை மைக்குக்கு மிக அருகில் பதிவு செய்து, ரிவெர்புக்கு முன்னால் டி-எஸ்ஸர் ('ஸ' சீற்றத்தைக் குறைக்கும் கருவி) வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு 'ஸ'வும் நாலு விநாடி சீறும்.

வில் வைத்து கிட்டார் வாசிக்க ஆசை என்றால் (ஏஞ்சலிக் ப்ராசஸ் என்ற அமெரிக்க இருவர் குழு இதை அடையாளமாகவே வைத்திருந்தது) ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கிட்டார் பிரிட்ஜ் வயலினைப் போல வளைந்ததில்லை, அதனால் ஓரக் கம்பிகள் இரண்டை மட்டுமே தனியாக இழுக்க முடியும். நடுவில் இழுத்தால் கொத்தாகத்தான் வரும். ரோசின் பொடி பிக்கப் மேல் படியும், பழைய கம்பிகளோடு செய்யுங்கள்.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், உச்சம் −12 டெசிபல் சுற்றி இருந்தால் போதும். ஆம்ப் ஒலியோடு பெடல் இல்லாத சுத்த சிக்னலையும் கட்டாயம் சேமியுங்கள். நாட்ஜா 2003-ல் வெளியிட்ட டச்ட் ஆல்பத்தை 2007-ல் இருவருமாக மறுபடி பதிவு செய்து வெளியிட்டார்கள். உங்களுக்கும் அந்த நாள் வரலாம், அப்போது டெம்போவும் ட்யூனிங்கும் குறித்த ஃபைல்கள் கையில் இருக்க வேண்டும்.

வெளியிடும்போது இன்னொரு சிக்கல். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி கேட்டால் காசுக்கு ஒரு கணக்கு. 20 நிமிடப் பாட்டை முழுக்கக் கேட்டாலும் அதே ஒரு கணக்குத்தான். 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 முறை கேட்கப்படாவிட்டால் அந்தக் காசும் கிடையாது. நீளமான இசை செய்கிறவர்களை வேண்டுமென்றே வெளியே தள்ளுகிற ஏற்பாடு இது என்றுதான் எனக்குப் படுகிறது. "துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள்" என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த இசையைக் கேட்டதே இல்லை. இசைக்கலைஞர்கள் நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. அங்கே இலவசக் கணக்கில் ஒரு ஃபைலுக்கு 291 எம்பி வரம்பு. 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 17.3 எம்பி, ஆகவே 17 நிமிடத்துக்குள் முட்டிக்கொள்ளும். ஃப்ளாக்காக மாற்றி ஏற்றுங்கள், தரம் குறையாது. மாஸ்டரை (இறுதி வடிவத்தை) −8 லஃப்ஸ் (சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) வரை நசுக்காதீர்கள். ஸ்ட்ரீமிங் தளம் −14-க்கு இறக்கிவிடும், அமைதியான பகுதிக்கும் இரைச்சலுக்கும் இருந்த தூரம் மட்டும் போய்விடும்.

மேடைக்குப் போனால் லேப்டாப்பின் இடது சேனலில் டிரம், வலது சேனலில் கிளிக் (பீட்டை எண்ணும் ஒலி). டிரம் டிஐ பாக்ஸ் (சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றதாக மாற்றும் பெட்டி) வழியாக மிக்ஸருக்கு, கிளிக் உங்கள் இருவரின் காதுக்கு. ஹம் வந்தால் டிஐ-யில் கிரவுண்ட் லிஃப்டை அமுக்குங்கள். 50 பிபிஎம்மில் கிளிக் 1.2 விநாடிக்கு ஒன்று என்றால் இடையில் தொலைந்துபோவீர்கள், பீட்டைப் பாதியாக்கி 0.6 விநாடிக்கு ஒன்று வையுங்கள். லூப்பர் பெடல் (வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிப்பது) வைத்திருந்தால் மிடி கிளாக்கில் (கருவிகளை ஒரே வேகத்தில் ஓட்டும் சிக்னல்) கட்டுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது சுற்றிலேயே விலகும். காதடைப்பான் கட்டாயம்: 100 டெசிபலில் 15 நிமிடம்தான் பாதுகாப்பு வரம்பு, உங்கள் ஒரு பாட்டே அதைவிட நீளம். ஆனால் மலிவான ஃபோம் அடைப்பான் மேல் அதிர்வெண்ணைத்தான் அதிகம் அடைக்கும். அதைப் போட்டுக்கொண்டு ஆம்பில் ட்ரெபிளைத் திருகாதீர்கள், முன்வரிசையில் நிற்பவர் காது போய்விடும்.