ஆரக்கிள் 19சி இன்ஸ்டால் செய்வோர் கேட்டவை

கேள்வி: ஆரக்கிள் லினக்ஸ் 8 சர்வரில் டேட்டாபேஸ் 19சி போடும்போது, ஆரம்பத்திலேயே ‘ஐஎன்எஸ்-08101’ என்ற பிழை வந்து நின்றுவிடுகிறது. மறுபடி டவுன்லோட் செய்தும் அதேதான்.
– வாசகர், கோவை

பதில்: டவுன்லோடில் கோளாறு இல்லை. பொதுவாகக் கிடைப்பது 19.3 என்ற அடிப்படைப் பதிப்பு. லினக்ஸ் 8-ஐ அதற்கு அடையாளம் தெரியாது. என்விரான்மென்ட் வேரியபிளில் ‘ஓஇஎல் 7’ (பழைய லினக்ஸ் 7) என்று பெயரை மாற்றிக் கொடுத்தால் சோதனையைத் தாண்டிவிடும். ஆனால் உள்ளே இருப்பது பேட்ச் (பிழைத்திருத்தம்) போடாத பழைய மென்பொருள்தான். நிஜ வேலைக்கான சர்வரில் அப்படி விடாதீர்கள்.

முதலில் ரூட்டாக (நிர்வாகி யூசராக) ‘ப்ரீஇன்ஸ்டால்-19சி’ பேக்கேஜைப் போடுங்கள். ஆரக்கிள் யூசர், குரூப்கள், கெர்னல் அளவுகள் எல்லாவற்றையும் அதுவே அமைத்துவிடும். பிறகு ஆரக்கிள் யூசராக நுழைந்து, 19.3 ஜிப்பை ஆரக்கிள் ஹோம் (மென்பொருள் நிரந்தரமாக இருக்கும் இடம்) ஃபோல்டருக்குள்ளேயே பிரியுங்கள். 18சி முதல் பிரித்த இடமே ஹோம்; வேறெங்கோ பிரித்தால் மென்பொருளும் அங்கேயே உட்கார்ந்துவிடும். அதிலுள்ள ஓபேட்ச் (பேட்ச் போடும் கருவி) ஃபோல்டரை அகற்றி, 6880880 என்ற எண்ணில் கிடைக்கும் புதியதை வையுங்கள். சமீபத்திய ரிலீஸ் அப்டேட்டையும் (பேட்ச்களின் தொகுப்பு) ஆரக்கிள் யூசர் பெயரிலேயே பிரித்து, ‘அப்ளைஆர்யு’ என்ற ஆப்ஷனில் அதன் பாதையைக் கொடுத்து இன்ஸ்டாலரை ஓட்டுங்கள். பேட்ச் ஏறிய பிறகே இன்ஸ்டாலரின் திரை வரும். தாமதமாகிறதே என்று நடுவில் நிறுத்த வேண்டாம். இந்த பேட்ச்களுக்கு ஆரக்கிள் சப்போர்ட் கணக்கு வேண்டும்.

ரேம் 2 முதல் 16 ஜிபி என்றால் ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடம்) அதே அளவு. அதற்கு மேல் என்றால் 16 ஜிபி போதும். டெம்ப் ஃபோல்டரில் 1 ஜிபி காலி இருக்கட்டும். பாதுகாப்புக்காக அது ‘நோஎக்ஸெக்’ (அங்கிருந்து புரோகிராம் ஓட அனுமதி இல்லை) என மவுண்ட் ஆகியிருந்தால் இன்ஸ்டாலர் ஓடாது. டெம்ப் பாதையை வேறிடத்துக்கு மாற்றுங்கள். கடைசியில் ரூட் ஸ்கிரிப்ட் பற்றிய பெட்டி வரும்போது ஓகே அழுத்தாமல், இன்னொரு டெர்மினலில் ரூட்டாக ஸ்கிரிப்ட்டை ஓட்டி முடித்துவிட்டுத் திரும்புங்கள்.

கேள்வி: ஆங்கிலப் பெயர்கள் ஏறுகின்றன, தமிழ்ப் பெயர் போட்டால் ‘ஓஆர்ஏ-12899’ வருகிறதே?
– வாசகி, மதுரை

பதில்: டேபிளில் பெயருக்கான நெடுவரிசையின் (column) அகலம் போதவில்லை. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் தேவை. ‘தமிழ்’ என்பது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என 5 குறிகள். ஆக 15 பைட். நெடுவரிசையின் வகை வார்கேர்2(10) என்றால் வழக்கமாக 10 பைட்தான், எப்படி அடங்கும்? டேபிளை ஆல்டர் செய்து ‘100 கேர்’ என்று மாற்றுங்கள். அந்த 100-ம் குறிகளின் கணக்குதான், எழுத்துகளின் கணக்கல்ல. அதனால் தாராளமாகவே வையுங்கள். அளவு பைட்டிலா குறியிலா என்று சொல்லும் ‘லெங்த் செமான்டிக்ஸ்’ அமைப்பை மட்டும் மாற்றினால் புதிய நெடுவரிசைகளுக்குத்தான் பலன். ஏற்கெனவே உள்ளவை அப்படியே இருக்கும்.