டெக்சஸில் துப்பாக்கி: சட்டைக்கு மேலேயா, உள்ளேயா?

ஹூஸ்டனில் கைத்துப்பாக்கி லைசென்ஸ் வகுப்பு எடுக்கிறேன் என்று போன வாரம் சொன்னாலும் சொன்னேன், கேள்விகள் குவிந்துவிட்டன. நான் வக்கீல் இல்லை, வகுப்பில் தினமும் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

கேள்வி: கடையில் மேல்தட்டிலிருந்து அரிசி மூட்டையை இறக்கும்போது சட்டை தூக்கிக்கொண்டு, இடுப்பில் இருந்த துப்பாக்கி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. குற்றமா அண்ணா?

ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில் இருந்ததா? அப்படியானால் டெக்சஸில் குற்றமில்லை. முன்பெல்லாம் லைசென்ஸ் இருந்தாலும் மறைத்துத்தான் வைத்திருக்க வேண்டும். 2016 ஜனவரி 1 முதல் லைசென்ஸ்காரர்கள் வெளியே தெரியும்படி வைத்துக்கொள்ளலாம், ஆனால் இடுப்பு ஹோல்ஸ்டரில் அல்லது தோள் ஹோல்ஸ்டரில் மட்டும் என்று விட்டார்கள். 2021 செப்டம்பர் 1க்குப் பிறகு, 21 வயது ஆகி, சட்டப்படி தடை எதுவும் இல்லாதவருக்கு லைசென்ஸே கட்டாயமில்லை, ஹோல்ஸ்டரும் எந்த வகையானாலும் சரி. ஆக இப்போது இங்கே கோடு சட்டையில் இல்லை, ஹோல்ஸ்டரில் இருக்கிறது. ஹோல்ஸ்டர் இல்லாமல் பேன்ட்டில் சொருகி, பிடி வெளியே தெரிய வேண்டுமென்றே பொது இடத்தில் நடந்தால் கிளாஸ் ஏ குற்றம்: ஒரு வருஷம் வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம்.

கேள்வி: காரில் பக்கத்து சீட்டில் வைத்தால்?

அதே கதைதான். ஹோல்ஸ்டரோடு கிடந்தால் பிரச்சினை இல்லை, வெறும் துப்பாக்கி கண்ணாடி வழியே தெரிந்தால் மாட்டுவீர்கள். டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போய்விட்டால் இந்தப் பேச்சே இல்லை.

கேள்வி: கடை வாசலில் 30.07 என்று ஒரு பெரிய போர்டு. உள்ளே போகலாமா?

இந்த எண்கள் டெக்சஸ் குற்றச் சட்டப் பிரிவுகள். 30.07 என்றால் லைசென்ஸ்காரர் தெரியும்படி கொண்டுவரக் கூடாது. 30.06 என்றால் மறைத்துக் கொண்டுவரக் கூடாது. இரண்டும் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், ஒரு அங்குல உயர எழுத்தில் இருக்க வேண்டும், அதனால்தான் கதவே மறைகிற அளவுக்கு இருக்கிறது. 30.07 மட்டும் இருந்தால் பார்க்கிங்கிலேயே சட்டையை இழுத்துவிட்டு உள்ளே போய்விடலாம், என் வகுப்புக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இது லைசென்ஸ் உள்ளவருக்கு. லைசென்ஸ் இல்லாதவரை 30.05 போர்டு கட்டுப்படுத்துகிறது, அது இருந்தால் அவர் எப்படி மறைத்தாலும் ஒன்றுதான், உள்ளே போகக் கூடாது. சிவப்பில் 51% என்று (பாதிக்கு மேல் வருமானம் அங்கேயே குடிக்கும் மதுவில் என்று அர்த்தம்) போட்டிருக்கும் பார்களில் இருவருக்குமே இடமில்லை.

கேள்வி: லைசென்ஸே தேவையில்லை என்கிறபோது 40 டாலர் கட்டி, வகுப்பில் உட்கார்ந்து, 50 குண்டு சுட்டுக் காட்டுவது எதற்கு?

இதைக் கேட்காத ஆள் இல்லை. என் பிழைப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை, எடுத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு போவதை மத்தியச் சட்டம் தடுக்கிறது, அந்த மாநிலத்தின் லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சஸ் அனுமதிக்கிறதே என்று சும்மா போகிறவருக்கு அந்த விலக்கு கிடையாது. நம் ஊர்களில் 1,000 அடிக்குள் பள்ளிக்கூடம் இல்லாத சாலையைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

கேள்வி: எல் பாசோவில் இருக்கிறேன், எல்லை தாண்டி நியூ மெக்சிகோவில் இருக்கும் லாஸ் குரூசஸுக்கு அடிக்கடி போவேன். அங்கேயும் இதே சட்டமா சார்?

தலைகீழ்! நியூ மெக்சிகோவில் குண்டு போட்ட துப்பாக்கியை வெளியே தெரியும்படி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம், மறைத்தால் வேண்டும். காருக்குள் இருக்கும்வரை விலக்கு உண்டு. இறங்கி நடக்கும்போது குளிருக்கு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டீர்கள், அது ஹோல்ஸ்டர்மேல் விழுந்தது, அவ்வளவுதான், சட்டத்தின் கண்ணில் நீங்கள் மறைத்துவைத்தவர். டெக்சஸ் லைசென்ஸை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதால், அது கையில் இருந்தால் ஜாக்கெட்டைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

கேள்வி: நீங்கள் எப்படி வைத்திருப்பீர்கள்?

மறைத்துத்தான். வெளியே மாட்டிக்கொண்டு பலசரக்குக் கடைக்குப் போனால் எல்லோர் கண்ணும் இடுப்பில், குழந்தையைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் அடுத்த வரிசைக்குப் போகிறார்கள். அப்புறம், வாய்த்தகராறில் பிடிமேல் கையை வைத்து மிரட்டினால், ஹோல்ஸ்டரில் இருந்தாலும் பொது இடத்தில் பயமுறுத்தும் விதமாகக் காட்டியதாக வழக்கு வரலாம்.

கேள்வி: நான் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். தங்கை மகன் எஃப்-1 மாணவர் விசாவில் வந்து எங்களோடு தங்கியிருக்கிறான். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

இதை முதல் கேள்வியாகப் போட்டிருக்க வேண்டும். திறந்தா மறைத்தா என்ற பேச்சுக்கே நீங்கள் வரவில்லை. உங்களைப் போலக் குடியேறா விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம், 15 வருஷம் வரை சிறை. மாநிலம் கொடுக்கும் வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் விதிவிலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி எதையும் வாங்குவதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள். கிரீன் கார்டு வந்தால் இந்தத் தடை போய்விடும். அதுவரை, நண்பர் ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகும் இடத்துக்கு) கூப்பிட்டு 'சும்மா ரெண்டு ரவுண்டு சுட்டுப் பார்' என்று கையில் கொடுத்தால் வாங்காதீர்கள், பையனிடமும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.