பெஞ்சில் இருந்த க்ரோங்க்

வணக்கம் சார்,

சிட்னியில் பரமட்டா பக்கம் இருக்கிறோம். பையனுக்குப் பதினாலு வயது, ரக்பி லீக் ஆடுகிறான். இந்த சீசனில் பாதி ஆட்டம் பெஞ்சில்தான். இறக்கினாலும் கோச் வாரத்துக்கு ஓர் இடத்தில் ஆட விடுகிறார். ரக்பி லீக் நட்சத்திரம் ஒருவரைக் காட்டி, 'கூப்பர் க்ரோங்க்கூட ஆரம்பத்தில் சுமார்தான், உழைத்துத்தான் மேலே வந்தார்' என்று சொல்லித் தேற்றினால் 'அதெல்லாம் சும்மாப்பா' என்கிறான். சுமாராக ஆரம்பித்தவர்கள் நிஜமாகவே உழைப்பால்தான் நட்சத்திரம் ஆனார்களா? நீங்கள் இந்த ஆட்டத்தை விடாமல் பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பையன் சொல்வதில் பாதி சரி. க்ரோங்க் கதையை எல்லாரும் இழுத்துவந்து 'உழைத்தார், உயர்ந்தார்' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அதே அளவுக்கு உழைத்து, இரண்டு சீசன் பெஞ்சில் இருந்து, அப்படியே காணாமல் போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

க்ரோங்க் 2004-இல் மெல்பர்ன் ஸ்டார்ம் அணிக்கு முதல் ஆட்டம் ஆடினார். அவரோடு பிரிஸ்பேன் நார்த்ஸ் கிளப் பக்கம் இருந்து வந்த கேமரன் ஸ்மித்தும் பில்லி ஸ்லேட்டரும் அதற்குள் முதல் அணியில் உட்கார்ந்துவிட்டார்கள். பார்த்தவுடனேயே 'இவன் ஆடுவான்' என்று சொல்ல வைக்கும் ஆட்கள் அவர்கள். க்ரோங்க் அப்படி இல்லை. எங்கே ஓட்டை விழுகிறதோ அங்கே இறக்கப்பட்ட ஆள். நான் கவனிக்கச் சொல்வது இந்த இடத்தைத்தான்: அப்போது அவர் சுமாரான ஹாஃப்பேக் (உதைத்தும் ஆட்களை நகர்த்தியும் ஆட்டத்தை நடத்துபவர்) என்று சொல்வதைவிட, அவருக்கென்று ஓர் இடமே இல்லை என்பதுதான் பொருத்தம். எந்த இடமும் இல்லாதவன் எல்லா இடத்திலும் சுமாராகத்தான் தெரிவான். உங்கள் பையனின் இந்த சீசன் ஞாபகம் வருகிறதா?

2005 முடிந்ததும் ஸ்டார்மின் ஹாஃப்பேக் மேட் ஆர்ஃபர்ட் மேன்லி அணிக்குப் போனார். கோச் கிரெய்க் பெல்லமி வெளியில் இருந்து பெரிய பெயர் ஒன்றைக் கொண்டுவராமல், அந்த இடத்தை க்ரோங்க்கிடம் கொடுத்தார். 2006-இல் ஸ்டார்ம் லீக் பட்டியலில் முதலிடம். கதை உடனே சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். 2008 இறுதி ஆட்டத்தில் அதே ஆர்ஃபர்ட் தலைமையில் மேன்லி வந்து 40-0 என்று ஸ்டார்மை அடித்துத் துவைத்தது. வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் டேலி எம் பதக்கமும் அந்த வருஷம் ஆர்ஃபர்டுக்குத்தான். க்ரோங்க் அந்தப் பதக்கத்தை முதலில் வாங்கியது 2013-இல், அப்புறம் 2016-இல் இன்னொரு தடவை. ஹாஃப்பேக் ஆனதில் இருந்து எண்ணினால் முதல் பதக்கத்துக்கே ஏழு வருஷம்.

அந்த வருஷங்களில் என்ன செய்தார்? உதைத்தார். ஆட்டம் தெரியாத வாசகர்களுக்காக: பந்து வைத்திருப்பவனை எதிரணி பிடித்து நிறுத்துவதுதான் டேக்கிள்; ஓர் அணி ஆறு டேக்கிளுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். மூன்று பேர் முகத்துக்கு நேரே ஓடிவரும்போது, எதிரணியில் எல்லாருக்கும் பின்னால் நின்று காக்கும் ஃபுல்பேக் எங்கே இல்லையோ அங்கே பந்து விழ வேண்டும். மூலைக்கா, உயரத்துக்கா, தரையோடா என்பதை ஒரு நொடியில் முடிவு செய்ய வேண்டும். ஸ்லேட்டரின் வேகத்தை யாரும் பயிற்சியில் சம்பாதித்துவிட முடியாது, ஆனால் இந்த உதையைச் சம்பாதிக்கலாம். க்ரோங்க் பெயர் வாங்கியது இந்த மாதிரி ஒரே காரியத்தைச் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் பிடிவாதத்துக்குத்தான். 2012 ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் (குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வருஷாவருஷம் மோதும் தொடர்) மூன்றாவது ஆட்டம், பிரிஸ்பேன், 20-20. கடைசி நிமிடங்களில் தூரத்தில் இருந்து அவர் ஆட்டத்தின் ஓட்டத்திலேயே கம்பங்களுக்கு நடுவே உதைத்த ஃபீல்ட் கோல், ஒரே ஒரு புள்ளி, குயின்ஸ்லாந்துக்குத் தொடர்ந்து ஏழாவது தொடர். அந்த உதையை நான் எத்தனை தடவை போட்டுப் பார்த்திருப்பேன் என்று என் மனைவியிடம் கேட்காதீர்கள்.

ஆக, உழைப்பு பொய் இல்லை. ஆனால் அந்த உழைப்பு போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது, அந்த இடத்துக்கு வேண்டியது கற்றுக்கொள்ளக்கூடிய வித்தையாக இருந்தது, தோற்ற வருஷங்களிலும் விரட்டாத ஒரு கோச் இருந்தார். இதெல்லாம் சேர்ந்துதான்.

மற்றவர்களைப் பார்த்தாலும் இதுதான். டேமியன் குக் 2013-இல் டிராகன்ஸ் அணியில் அறிமுகம், அப்புறம் புல்டாக்ஸ், எங்கும் நிலைக்கவில்லை. கடற்கரை மணலில் நடக்கும் லைஃப்சேவிங் ஓட்டங்களில் பேர் வாங்கிய கால்கள் அவருடையவை. சவுத் சிட்னி அணியில் ஹூக்கர் (டேக்கிள் முடிந்ததும் பந்தை எடுத்துக் கொடுப்பவர்) இடம் உறுதியான பிறகுதான் அந்த வேகத்துக்கு வேலை கிடைத்தது, 2018-இல் நியூ சவுத் வேல்ஸ் ஜெர்சி. ஜரோம் ஹியூஸ் கோல்ட் கோஸ்டிலும் நார்த் குயின்ஸ்லாந்திலும் ஒட்டாமல் ஸ்டார்முக்கு வந்தார், அங்கே ஃபுல்பேக்காக ஆடிக்கொண்டிருந்தவரை பெல்லமி ஹாஃப்பேக் ஆக்கினார், 2024-இல் டேலி எம். ஒருவேளை பெல்லமிக்கு மட்டும் கண் வேறு மாதிரி போல.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பதினாலு வயது அணியில் யாருக்கு முதலில் மீசை முளைத்ததோ அவன்தான் ஸ்டார். எதிரே வருபவனைவிட இருபது கிலோ கூட இருந்தால் யாரும் நன்றாக ஆடலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாரத்துக்கு ஓர் இடம் என்பதையும் தண்டனையாகப் பார்க்க வேண்டாம், கோச் தேடிக்கொண்டிருக்கலாம். தேடாமலும் இருக்கலாம், அது வேறு. 'அடுத்த சீசனில் என்னை எந்த இடத்தில் யோசிக்கிறீர்கள், அதற்கு நான் எதைக் கற்க வேண்டும்' என்று பையனே போய்க் கேட்கட்டும். நீங்கள் கேட்காதீர்கள், காரிலேயே இருங்கள்.

இனிமேல் 'க்ரோங்க் உழைத்தார்' என்று சொல்வதை விட்டுவிட்டு, 2018 இறுதி ஆட்டத்தை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். க்ரோங்க் அப்போது ரூஸ்டர்ஸில், எதிரணி அதே ஸ்டார்ம். முந்தின ஆட்டத்தில் தோள்பட்டை எலும்பு முறிந்த கையோடு இறங்கியிருக்கிறார். பந்து அவரிடம் அதிகம் வராது. லூக் கியரிதான் எல்லாம் செய்கிறார், ஆட்ட நாயகன் பதக்கமும் அவருக்கே. நீங்கள் பந்தை விட்டுவிட்டு ஒரு பத்து நிமிடம் க்ரோங்க்கை மட்டும் பாருங்கள். சரியாக இருக்கும் கையை நீட்டி, நீ அங்கே போ, நீ இங்கே நில் என்று ஆட்களை நகர்த்திக்கொண்டே இருப்பார். ரூஸ்டர்ஸ் 21-6 என்று ஜெயித்தது.