கண் மருத்துவர்கள் ஆட்டுக் கண்ணில்தான் அறுவைப் பயிற்சி எடுக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். மேற்படிப்பின் முதல் ஆண்டில், ஐஸ் போட்ட டிபன் பாக்ஸுடன் விடியற்காலையில் கறிக்கடை வாசலில் நின்றவன் நான். முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும். தலைக்கறிக்காகத் தலையைத் தீயில் வாட்டிவிட்டால் கண் வெந்துபோகும். "இதை வைத்து என்ன செய்வீர்கள் டாக்டர்?" என்று முதல் நாள் கேட்ட கடைக்காரர், ஒரே மாதத்தில் நரம்போடு பிசிறில்லாமல் எடுத்துத் தரப் பழகிவிட்டார்.

மேலை நாடுகளில் பன்றிக் கண் அதிகம். நமக்கு எளிதில் கிடைப்பது ஆடு. சில மணி நேரத்துக்குள் வேலையை முடிக்காவிட்டால் கருவிழி மங்கி உள்ளே ஒன்றும் தெரியாது. தொய்ந்துபோன கண்ணுக்குள் ஊசியால் உப்புநீர் ஏற்றி விறைப்பாக்கி, தெர்மோகோல் தலையில் குண்டூசியால் குத்தி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைப்போம்.

வெட்டுக்கும் தையலுக்கும் இதைவிட நல்ல ஆசான் கிடையாது. 10-0 என்ற அளவுள்ள நைலான் தையல் இழை தலைமுடியைவிட மெல்லியது. முதல் வாரத்தில் நான் போட்ட முடிச்சுகளைவிட அறுத்த இழைகளே அதிகம்.

கண்புரை அறுவைக்கு வந்தால்தான் சிக்கல். கறிக்கு வெட்டும் ஆடு இளசு. லென்ஸ் தெளிவாகவும் மெத்தென்றும் இருக்கும், புரை ஏது? கெட்டியாக்க லென்ஸுக்குள் ஃபார்மலின் செலுத்துவார்கள். சிலர் மைக்ரோவேவ் அடுப்பில் சில விநாடிகள் வைப்பார்கள். (அந்த அடுப்பில் அதன்பிறகு யாரும் டீ சூடாக்கவில்லை.) அதைவிடத் தொல்லை, புரையை வெளியே எடுக்க வழிசெய்ய லென்ஸின் முன் உறையை வட்டமாகக் கிழித்தெடுப்பது. மனிதரில் அந்த உறை சுமார் 14 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஆட்டில் அது இன்னும் தடிமன், ரப்பர் போல இழுபடும். கிழிசல் வட்டத்தை விட்டு ஓரத்துக்கு ஓடிவிடும். குழந்தைகளின் கண்ணிலும் இதே பாடுதான். மாற்றிப் பொருத்தத் தகுதியில்லாத தானக் கண்கள் கிடைத்தால் அவற்றில் பழகலாம். எங்களுக்கு அவை எப்போதாவதுதான் கிடைத்தன.

ஆட்டு உறையோடு மல்லுக்கட்டிப் பழகிய கை, முதல் நோயாளியிடம் வேண்டாத அழுத்தம் கொடுத்தது. பக்கத்தில் இருந்த பேராசிரியர் வாயே திறக்காமல் என் மணிக்கட்டை லேசாகத் தட்டினார். "இது ஆடு இல்லை" என்று சொல்லவும் முடியாதே! கண்ணை மட்டும் மரக்கவைத்திருந்தோம், பாட்டிக்குக் காது நன்றாகக் கேட்டது. பாதி வட்டத்தில், "முடிந்ததா தம்பி?" என்று கேட்டுத் தலையை அசைத்தார். தெர்மோகோல் தலை ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.