நாத்திகரும் கிறிஸ்தவரும் சண்டையில்லாமல் கடவுளைப் பற்றிப் பேச முடியுமா?

கேள்வி: நான் கடவுள் மறுப்பாளன். என் நெருங்கிய நண்பர் கிறிஸ்தவர். கடவுளைப் பற்றிப் பேச்செடுத்தால் பத்தே நிமிடத்தில் குரல் உயர்ந்துவிடுகிறது. ஒருவரையொருவர் புண்படுத்தாமல் இதைப் பேச வழி இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. ஆனால் "மரியாதையாகப் பேசுங்கள், பொறுமையாக இருங்கள்" என்று நான்கு வரி எழுதிவிட்டுப் போனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இப்படியொரு கேள்வியைக் கேட்பவருக்கு மரியாதை ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் கோளாறு எங்கே வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு இடத்தில் வரும். ஒரே சொல்லை இருவரும் வேறு வேறு பொருளில் சொல்வீர்கள். இல்லையென்றால் நீங்கள் ஒன்று கேட்க, அவர் இன்னொன்றுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்.

முதலில் சொல். தமிழில் "நம்பிக்கை" ஒரு சுமைதாங்கிச் சொல். "அவன் சொன்னது உண்மை என்று நம்புகிறேன்" என்றால் அது கருத்து. "உன்னை நம்புகிறேன்" என்றால் ஒருவர்மேல் வைத்த பற்று. "நம்பிக்கையோடு இரு" என்றால் நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பு. பைபிளின் தமிழிலேயே இந்தக் குழப்பம் இருக்கிறது. 1 கொரிந்தியர் 13:13-ஐ எடுத்துப் பாருங்கள். புராட்டஸ்டண்ட் சபைகளில் பரவலாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில் "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று வரும். 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் அதே மூன்றும் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு". ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றொன்றில் முதலாவதாகிவிட்டது. இரண்டு கிறிஸ்தவர்களுக்குள்ளேயே "நம்பிக்கை" ஒன்றல்ல எனும்போது, உங்களுக்கும் அவருக்கும் எப்படி ஒன்றாக இருக்கும்?

"விசுவாசம்" இன்னும் சிக்கலானது. சபைக்கு வெளியே அது ஊழியர் முதலாளியிடம் காட்டுவது, நாய் வளர்த்தவரிடம் காட்டுவது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள "பிஸ்டிஸ்" என்ற சொல்லிலும் இந்தப் பற்றுறுதி என்ற பொருள் உண்டு. "ஆதாரம் இல்லையென்றால் விசுவாசத்தை விட்டுவிட வேண்டியதுதானே" என்று நீங்கள் சொல்லும்போது ஒரு கருத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்கிறீர்கள். அவர் காதில் விழுவதோ, இத்தனை காலம் கூட இருந்த ஒருவரைக் கைவிடு என்பது. கோபம் வராமல் என்ன செய்யும்? அதனால் அந்தச் சொல் வந்த உடனே நிறுத்திக் கேளுங்கள்: "கடவுள் இருக்கிறார் என்ற கருத்தைச் சொல்கிறீர்களா, அவர்மேல் உள்ள பற்றைச் சொல்கிறீர்களா, இனி நடக்கும் என்று எதிர்பார்ப்பதைச் சொல்கிறீர்களா?" முதலாவதுக்குத்தான் ஆதாரம் கேட்க முடியும். மற்ற இரண்டையும் கேட்டுப் புரிந்துகொள்ளலாம், அவ்வளவே. (பற்று என்று சொல்லிவிட்டால் ஆதாரமே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பற்றுக்கு அடியில் ஒரு கருத்து இருக்கத்தான் செய்யும். அதைத் தனியாக எடுத்துப் பேசுங்கள் என்கிறேன்.)

"சாட்சி" என்பதும் அப்படித்தான். உங்களுக்கு அது நீதிமன்றச் சொல், குறுக்கு விசாரணைக்கு உரியது. சபையில் சாட்சி சொல்வது என்றால் தன் வாழ்க்கையில் நடந்ததை நன்றியோடு எடுத்துச் சொல்வது. அவர் சாட்சியாகச் சொன்னதை நீங்கள் ஆதாரமாக எடுத்துக் கிழித்தால் அவர் மனதைத்தான் கிழிக்கிறீர்கள். "பாவி" என்பது தமிழில் வசவு. அவருடைய இறையியலில் தன்னையும் சேர்த்துச் சொல்லும் சொல். "மூடநம்பிக்கை" என்பதை மட்டும் உங்கள் பக்கத்திலிருந்து முற்றிலும் எடுத்துவிடுங்கள். அது வந்த பிறகு எந்த வாதமும் எடுபடாது.

உங்கள் சொல்லையும் நீங்கள் விளக்கியாக வேண்டும். நாத்திகம் என்றால் "கடவுள் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன்" என்றும் இருக்கலாம், "இருக்கிறார் என்று ஏற்க எனக்குப் போதிய காரணம் இல்லை" என்றும் இருக்கலாம். முதலாவது ஒரு கூற்று. அதை நிறுவும் பொறுப்பு உங்களுடையது. இரண்டாவதில் பொறுப்பு அவர் பக்கம் போகும். பாதிப் பேச்சில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் அவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். நினைப்பதில் தவறும் இல்லை.

1948 ஜனவரி 28 அன்று பிபிசி வானொலியில் ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் இயேசு சபைக் குரு ஃபிரெடரிக் காப்ள்ஸ்டனும் கடவுள் இருக்கிறாரா என்று விவாதித்தார்கள். முதல் வேலையாகக் காப்ள்ஸ்டன் "கடவுள்" என்பதற்கு ஒரு வரையறை வைத்தார்: உலகிலிருந்து வேறான, உலகைப் படைத்த, ஆள்தன்மை உள்ள உயர்ந்த ஒருவர். ரஸ்ஸல் அதை ஏற்றுக்கொண்டார். அடுத்து, கடவுள் இல்லை என்று நிரூபிக்க முடியும் என்பதுதான் உங்கள் நிலையா என்று காப்ள்ஸ்டன் கேட்டார். இல்லை, நான் அறியொணாவாதி, அதாவது கடவுள் உண்டா இல்லையா என்று அறிய முடியாது என்பவன் என்றார் ரஸ்ஸல். வாதமே அதற்குப் பிறகுதான். உலகம் முழுமைக்கும் ஒரு காரணம் தேவையா என்ற இடத்தில் முட்டி நின்றார்கள். ஒருவரும் மற்றவரை மாற்றவில்லை. ஆனால் எங்கே பிரிகிறோம் என்பது இருவருக்கும் தெரிந்தது. உங்கள் பேச்சுக்கும் அதையே இலக்காக வையுங்கள்.

இரண்டாவது கோளாறு, கேள்வி தாவுவது. கடவுள் இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி. பைபிள் எந்த அளவுக்கு வரலாறு என்பது வேறு. சபை உலகுக்கு நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்பது இன்னொன்று. கடவுள் இல்லாமல் அறம் நிற்குமா என்பது நான்காவது. ஒரு தடவை உட்கார்ந்தால் ஒன்றைத்தான் பேச வேண்டும். நடைமுறையில் எப்படிப் போகிறது? நீங்கள் துன்பத்தைப் பற்றிக் கேட்பீர்கள். அவர் அறத்துக்குப் போவார். நீங்கள் சிலுவைப் போர்களை இழுப்பீர்கள், அவர் ஸ்டாலினை இழுப்பார். இந்த இரண்டுமே கடவுள் இருக்கிறாரா என்பதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. தாவல் வரும்போது "அது நல்ல கேள்வி, அடுத்த முறைக்கு" என்று ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். எழுதுவது முக்கியம். வாயால் மட்டும் தள்ளிவைத்தால் தட்டிக்கழித்ததாகத் தெரியும்.

எதிர்வாதம் சொல்வதற்கு முன்னால், அவர் சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லி, அவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும் வரை காத்திருங்கள். முதல் தடவையில் அந்த ஒப்புதல் கிடைப்பது அரிது. இரண்டு மூன்று முறை திருத்துவார். அந்தத் திருத்தங்களில்தான் பேச்சின் பாதிப் பயனே இருக்கிறது. இது கிறிஸ்தவ மரபுக்கு அந்நியமும் அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கடவுள் இருக்கிறாரா என்ற பகுதியை எழுதத் தொடங்கும்போதே இரண்டு மறுப்புகளை முன்னால் வைக்கிறார்: உலகில் தீமை இருக்கிறது, கடவுள் இல்லாமலே இயற்கையை விளக்க முடிகிறது. இன்றைக்கும் நாத்திகர் கையில் உள்ள வலுவான இரண்டும் இவைதான். தன் பதிலை அதற்குப் பிறகே சொல்கிறார்.

இனி துன்பம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான பேச்சு இங்கேதான் உடைகிறது. இதில் இரண்டு வாதங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. எல்லாம் வல்ல, முழுக்க நல்ல கடவுளும் தீமையும் ஒருங்கே இருப்பது தர்க்க முரண் என்பது ஒன்று, 1955-இல் நாத்திகத் தத்துவவாதி ஜே. எல். மேக்கி இதைக் கூர்மையாக எழுதினார். சுதந்திர விருப்பம் உள்ளவர்களைப் படைத்துவிட்டு, அவர்கள் ஒருபோதும் தவறு செய்யாதபடி செய்வது கடவுளாலும் முடியாததாக இருக்கலாம், ஆகவே முரண் இல்லை என்று கிறிஸ்தவத் தத்துவவாதி ஆல்வின் பிளாண்டிங்கா 1970-களில் பதில் கொடுத்தார். தர்க்க முரண் என்ற வடிவத்துக்கு அது போதுமான பதில் என்று நாத்திகத் தத்துவவாதிகள் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். இரண்டாவது வாதம் வேறு. காட்டுத்தீயில் சிக்கி, யார் கண்ணிலும் படாமல், நாள்கணக்கில் துடித்துச் சாகும் ஒரு மான்குட்டியை 1979-இல் நாத்திகத் தத்துவவாதி வில்லியம் ரோ உதாரணமாக வைத்தார். யாருடைய சுதந்திரமும் அதில் இல்லை. இது முரண் என்று ரோ சொல்லவில்லை. இப்படிப்பட்ட துன்பம் இருப்பது கடவுள் இருக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது என்றார்.

பேச்சில் இது எப்படிச் சிக்கும் என்றால், நீங்கள் மான்குட்டியைக் கேட்பீர்கள், அவர் சுதந்திர விருப்பத்தைச் சொல்வார். "சமாளிக்கிறார்" என்று நினைப்பீர்கள். அவர் சமாளிக்கவில்லை, முதல் வாதத்துக்கான பதிலைச் சொல்கிறார். அப்போது சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "மனிதர் செய்யும் தீமைக்கு உங்கள் பதில் புரிகிறது. நான் கேட்பது மனிதர் செய்யாத துன்பத்தை." அதற்கு அவர், "எனக்குக் காரணம் தெரியவில்லை என்பதால் காரணமே இல்லை என்று ஆகாது" என்று சொன்னால் அதுவும் ஒரு முறையான பதில்தான், தத்துவத்தில் அதற்குத் தனி மரபே உண்டு. நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. "மழுப்பல்" என்று சொல்லாமல் இருந்தால் போதும். இன்னொன்று: அவர் வீட்டில் சமீபத்தில் சாவு நடந்திருந்தால் இந்தத் தலைப்பை எடுக்கவே எடுக்காதீர்கள். உங்களுக்கு அப்படி நேர்ந்திருந்தால் அவரும் "தேவ சித்தம்" என்று சொல்லக் கூடாது. பைபிளில் பெருந்துன்பத்தில் வீழ்ந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெடுத்தார்கள்.

தகவல் பிழைகள், ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கையை வேகமாகக் கெடுக்கும். நாத்திகர்கள் அடிக்கடி சொல்வது: 325-இல் நிசேயா என்ற ஊரில் ஆயர்கள் சங்கமாகக் கூடிப் பைபிள் நூல்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. அந்தச் சங்கம் கூடியது கிறிஸ்துவின் இறைத்தன்மை பற்றி ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய சர்ச்சைக்காக. இன்றுள்ள புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் அப்படியே பட்டியலாக நமக்குக் கிடைப்பது அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய கடிதத்தில். இயேசு என்ற மனிதரே இருந்ததில்லை என்பதையும் வரலாற்றாளர்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்பதில்லை, அவர்களில் மதம் சாராதவர்களும் அடக்கம். சபை என்றாலே அறிவியலுக்கு எதிரி என்று சொல்லும் முன், பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927-இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பதை நினைவில் வையுங்கள்.

உங்கள் நண்பர் இதைப் படித்தால் அவருக்கும் சொல்ல வேண்டியவை சில உண்டு. "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்ற சங்கீதம் 14:1-ஐ நாத்திகர் முன்னால் எடுக்காதீர்கள். அங்கே எபிரேயச் சொல் அறிவுக் குறைவைவிட ஒழுக்கக் கேட்டையே சுட்டுகிறது. எதிரில் இருப்பவர் உங்கள் நண்பர். "இருந்தால் லாபம், இல்லாவிட்டாலும் நட்டமில்லை, நம்பிவிடேன்" என்ற பாஸ்கலின் பந்தயத்தையும் விட்டுவிடுங்கள். எந்தக் கடவுள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. லாபத்துக்காக ஒருவர் நினைத்த மாத்திரத்தில் நம்பிவிடவும் முடியாது. "உள்ளுக்குள் உனக்கும் தெரியும்" என்பது எல்லாவற்றையும்விட மோசம். அதைச் சொன்ன கணத்தில் எதிரில் இருப்பவரைப் பொய்யர் ஆக்கிவிடுகிறீர்கள். நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவருக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லுங்கள் என்றுதான் 1 பேதுரு 3:15 சொல்கிறது.

மறுபடி நாத்திகருக்கு: நரகம் பற்றிக் கேட்பதானால் பொறியாகக் கேட்காதீர்கள். "அப்படியானால் நான் நரகத்துக்குத்தானே போவேன்?" என்றால், நட்பா வேதமா என்று அவரை முச்சந்தியில் நிறுத்துகிறீர்கள். கிறிஸ்தவர்களுக்குள்ளேயே முடிவற்ற தண்டனை என்பவர்கள், இறுதியில் அழிந்துபோவது என்பவர்கள், எல்லோரும் மீட்கப்படுவர் என்பவர்கள் இருக்கிறார்கள். "உங்கள் சபை என்ன சொல்கிறது, அதில் உங்களுக்கு உறுத்தல் உண்டா?" என்று கேளுங்கள். "விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறும் தகப்பன் மாற்கு 9:24-இலேயே இருக்கிறான். உறுத்தலை ஒப்புக்கொள்வது அவருக்குத் தோல்வி இல்லை என்று உணரும்படி கேட்டால் மனம்விட்டுப் பேசுவார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று சொல்லியாக வேண்டும். "நாத்திகரைத் திணறடித்த போதகர்", "பாதிரியாரை வாயடைக்க வைத்த இளைஞர்" என்று தலைப்புப் போட்டு, இரண்டு மணி நேர உரையாடலில் ஒருவர் யோசிக்க எடுத்துக்கொண்ட ஐந்து விநாடி மௌனத்தை மட்டும் வெட்டிக் காணொளியாக ஓட்டுகிறார்களே, இந்தப் பேச்சு முறையை நாசமாக்கியது அதுதான். யோசிப்பது தோற்பது என்று ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். நீங்கள் இருவரும் பேசும்போது கைபேசியில் பதிவு செய்யாதீர்கள். மூன்றாவது ஆளையும் வைத்துக்கொள்ளாதீர்கள். பார்வையாளர் வந்தால் பேச்சு பந்தயமாகிவிடும்.

நேரம் நாற்பது நிமிடம் போதும், முடியும் நேரத்தை முன்பே சொல்லிவிடுங்கள். குறுஞ்செய்தியில் இந்த விவாதம் வேண்டாம், அதில் குரல் தெரியாது. ஒரு வாக்கியத்தை இருவரும் இரண்டாவது முறை அப்படியே திரும்பச் சொல்லத் தொடங்கினால் அன்றைக்கு அந்தக் கேள்வி முடிந்தது என்று அர்த்தம்.

கிளம்பும்போது அவர் "உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பார். வாதத்தைத் தொடர்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் உள்ளதில் மதிப்பானதை உங்களுக்குத் தருகிறார். "என்னை நினைத்துக்கொண்டதற்கு நன்றி" என்று சொன்னால் நீங்கள் எதையும் ஒப்புக்கொண்டதாக ஆகாது. உங்கள் முன்னால் சத்தமாக ஜெபிக்க விரும்பினால் அது வேறு விஷயம். "எனக்கு அது சங்கடம், வீட்டில் தனியாகச் செய்யுங்கள்" என்று நேராகச் சொல்லலாம்.