வெண்டையில் மஞ்சள் நரம்பு: விதையின் குற்றமா?

கேள்வி: போன பட்டத்து வீரிய ஒட்டு வெண்டையில் எடுத்த விதையைப் போட்டேன். ஒரு மாதத்தில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளுத்துவிட்டது. ஏன்?

பதில்: இது மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் வைரஸ் நோய். வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. ஆனால் விதைத் தேர்விலும் தவறு உண்டு. இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டின் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துபோகும். எதிர்ப்புத்திறன் எல்லாச் செடிக்கும் வராது.

நோய் கண்ட செடியைக் குணமாக்க மருந்தே கிடையாது. தயங்காமல் பிடுங்கி எரியுங்கள். வெள்ளை ஈயைப் பிடிக்க ஏக்கருக்கு 5 மஞ்சள் ஒட்டுப்பொறி வையுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 3 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோடு கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். ஈ அங்கேதான் ஒட்டியிருக்கும். செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ பெருகவே செய்யும்.

விதை சேமிக்க விரும்பினால், வீரிய ஒட்டு அல்லாத, குணம் மாறாமல் வரும் ரகமே ஏற்றது. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா அனாமிகா ரகம், காட்டு வெண்டை இனத்தோடு கலந்து எதிர்ப்புத்திறன் ஏற்றியது. அதுவும் நிரந்தரமல்ல: ஒரு காலத்தில் நோய் தாங்கிய பூசா சவானி ரகம் இன்று எளிதில் விழுகிறது. வெண்டையில் தேனீயால் அயல் மகரந்தம் சேர்ந்து ரகம் கலந்துபோகும். அதனால் விதைக்கான மொட்டை, அது விரிவதற்கு முதல்நாள் மாலையே காகித உறையால் மூடிவிடுங்கள்.