ஓவர்ஹெட் கிரேன்: வடசென்னை ஷெட்டுகளிலிருந்து கேள்விகள்

திருவொற்றியூர், பேப்ரிகேஷன் ஷெட்: அண்ணே, 3 டன் மஞ்சள் பெல்ட் ரெண்டு போட்டு 4 டன் கியர்பாக்ஸைத் தூக்கினோம். பெல்ட் குட்டை, நல்லா விரிஞ்சு நின்னுச்சு. 6 டன் தாங்கணுமே, ஏன் ஒண்ணு அறுந்துச்சு? டூப்ளிகேட்டா?

பதில்: ரெண்டையும் கூட்டி 6 டன்னு போடுற கணக்கே தப்பு தம்பி. பெல்ட் தரைமட்டத்துக்கு 60 டிகிரியில நின்னா ஒரு காலுக்கு 2.3 டன். 45ல 2.8. படுத்துப் போய் 30 ஆச்சுன்னா ஒவ்வொரு காலும் முழு 4 டன்னை இழுக்கும். கோணம் அளக்கக் கருவி தேவையில்லை: லோடுல பெல்ட் மாட்டுற ரெண்டு புள்ளிக்கும் இடையில எவ்வளவு தூரமோ, ஒவ்வொரு பெல்ட்டும் குறைஞ்சது அவ்வளவு நீளம் இருக்கணும். அப்போ 60 டிகிரி தானா வந்துடும்.

ஆனா அறுந்ததுக்குக் காரணம் அது மட்டும்னு எனக்குத் தோணலை. ஒழுங்கான பெல்ட் எழுதியிருக்கிற லோடுக்கு 7 மடங்கு தாங்கித்தான் அறும். 4 டன்னுக்கு அறுதுன்னா, கியர்பாக்ஸ் பிளேஞ்சோட (விளிம்புத் தட்டு) கூரான ஓரம் வெட்டியிருக்கும். கோணம் குறைஞ்சதால இழுவை கூடி, ஓரத்துல இன்னும் அழுத்தியிருக்கும். அறுந்த முனையைப் பாருங்க: கத்தியில வெட்டின மாதிரி நேரா இருந்தா ஓரம்தான். மூலைக்குக் கார்னர் பேட் வைங்க. லேபிள் கிழிஞ்ச பெல்ட்டைக் கத்தரிச்சுப் போடுங்க; ஓரமா வெச்சா அடுத்த ஷிப்ட்ல யாராவது எடுத்து மாட்டுவாங்க.

எண்ணூர், மெயின்டனன்ஸ்: எங்க ஆபரேட்டர் கொக்கியை மேலே லிமிட் சுவிட்ச்ல (கொக்கி உச்சிக்கு வந்தா மோட்டாரை நிறுத்துற சுவிட்ச்) முட்ட விட்டுத்தான் நிறுத்துறார். பரவாயில்லையா சார்?

பதில்: கூடாது. அது ஆபத்துக்கு வெச்சது, தினசரி பிரேக் இல்ல. கடல் உப்புக்காத்துல கான்டாக்ட் ஒருநாள் ஒட்டிக்கிட்டா, கொக்கி தொங்குற ஹூக் பிளாக், ரோப் சுத்துற டிரம்ல மோதி ரோப் அறுந்து கீழே வரும். ஷிப்ட் ஆரம்பத்துல வெறும் கொக்கியை மெதுவா மேலே விட்டு ஒரு தடவை சோதிச்சாப் போதும், கீழே ஆள் நிக்காம.

ரெண்டு இடத்துல இது காலை வாரும். ரோப் மாத்தினதும், டிரம் சுத்தின கணக்கை வெச்சு நிறுத்துற ரோட்டரி லிமிட்டைத் திரும்ப செட் பண்ண மறந்துடுவாங்க. கேபிள் வேலையில கரன்ட் பேஸ் வரிசை மாறினா அதைவிட மோசம்: கீழே பட்டனை அழுத்தினா கொக்கி மேலே போகும், லிமிட் சுவிட்ச் வெட்டுறது 'மேலே' சர்க்யூட்டை மட்டும், அதனால நிக்காது. கரன்ட் வேலை முடிஞ்சதும் முதல்ல திசையைப் பாருங்க.

மணலி: ரோப்பை எப்போ மாத்தணும்? கிரீஸ் நல்லாத்தான் இருக்கு.

பதில்: கிரீஸ் தடிமனா இருந்தா உள்ளே எதுவும் தெரியாது. துடைச்சுட்டுப் பாருங்க. துணியால, வெறுங்கையால இல்ல. அறுந்த கம்பி துணியை இழுக்கும், அதுவே அடையாளம். ஒரு ஸ்ட்ராண்ட் (கம்பிகளை முறுக்கின புரி) ரோப்பை முழுசா ஒரு சுத்துச் சுத்தி வர்ற நீளத்துல 12 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே ஸ்ட்ராண்ட்ல 4 அறுந்திருந்தாலோ கழட்டிடணும். முறுக்கு மடிஞ்சதும் கூண்டு மாதிரி விரிஞ்சதும் எண்ணவே வேணாம், உடனே. கொக்கி முழுக்கக் கீழே இறங்கினாலும் டிரம்ல 2 சுத்து மிச்சம் இருக்கணும்.

கத்திவாக்கம்: நிறுத்தினதும் லோடு ஒரு சாண் இறங்குது.

பதில்: பிரேக் லைனிங் தேய்ஞ்சிருக்கும், இல்ல எண்ணெய் பட்டிருக்கும். ஸ்பிரிங்கை மட்டும் இறுக்கிட்டு விடாதீங்க. பிரேக் இடைவெளி (கேப்) சரியில்லாம உரசினா லைனிங் சூடாகி இன்னும் வழுக்கும். சரிபண்ற வரை கிரேனை நிறுத்துங்க. அப்புறமும் கனமான லோடை 10, 15 செ.மீ. தூக்கி நிறுத்தி, இறங்கலைன்னு பார்த்த பிறகுதான் மேலே போகணும்.

விம்கோ நகர்: பக்கத்து பே-யில (ஷெட்டோட அடுத்த வரிசை) கிடக்கிற பிளேட்டைக் கொக்கியால இழுத்துக்கலாமா?

பதில்: வேணாம். ரோப் டிரம் பள்ளத்தை விட்டு ஏறும், ரோப் கைடு உடையும், பிளேட் கிளம்பினதும் ஊசலாடும். டிராலியில தள்ளிக் கொண்டு வாங்க.

திருவொற்றியூர்: கேன்ட்ரி (கிரேன் ஓடுற உயரத் தண்டவாளம்) மேல ஆள் வேலை செய்யும்போது கிரேன் ஓட்டலாமா?

பதில்: 1948 தொழிற்சாலைச் சட்டம் 29ஆம் பிரிவு சொன்ன அளவு: ஆள் இருக்கிற இடத்துக்கு 6 மீட்டருக்குள்ள கிரேன் வரக்கூடாது. வாய்வார்த்தையை நம்பாம மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை மேலே போறவர் கையிலேயே கொடுங்க. ஒரே தண்டவாளத்துல ரெண்டு கிரேன் இருந்தா ரெண்டையும்.